கடன் அடைக்கும் காலத்தில் வங்கி பிடித்த கட்டணங்களும், மீட்டுத் தருவதாகப் பணம் வாங்கிய நிறுவனமும்

தனிநபர் கடனையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் மாதாமாதம் தட்டுத் தடுமாறி அடைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பாதகம் செய்தவர்கள் இரு தரப்பினர். ஒன்று, என் சம்பளக் கணக்கும் கிரெடிட் கார்டும் இருந்த ஒரு தனியார் வங்கி. மற்றொன்று, அந்த வங்கி பிடித்த கட்டணங்களை மீட்டுத் தந்து கடனையும் பாதியாகக் குறைத்துத் தருவதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கிய ஒரு 'கடன் தீர்வு' நிறுவனம். புகார் ஒன்று இன்னும் விசாரணையில் இருப்பதால் இருவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்கூடத்தில் ஆர்டர் குறைந்தபோது சம்பளம் தாமதமாகவும், சில மாதங்களில் இரண்டு தவணையாகவும் வரத் தொடங்கியது. ஒரு வங்கி சாரா நிதி நிறுவனத்தில் வாங்கியிருந்த கடனுக்கான தவணை, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஆட்டோ டெபிட் முறையில் என் கணக்கிலிருந்து தானாகப் போக வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால், வங்கி பவுன்ஸ் சார்ஜாக 500 ரூபாயும் அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 590 ரூபாய் பிடித்தது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போட்டது. அதே தவணையை அந்த நிறுவனம் அதே மாதத்தில் மறுபடியும் வங்கிக்கு அனுப்பும்போது, மீண்டும் ஒரு 590 ரூபாய்.

கணக்கில் பணமே இல்லாதபோது இந்தக் கட்டணத்தை வங்கி எங்கிருந்து எடுக்கும் என்று பலர் கேட்கிறார்கள். அது நிலுவையாகப் பதிந்து கிடக்கும். சம்பளம் வந்து விழுந்ததும், வேறு எதற்கும் முன்னால் வங்கி தனக்குரியதை எடுத்துக்கொள்ளும். தவணைக்கென்று சரியாகக் கணக்குப் பார்த்து வைத்திருந்த தொகையில் சில நூறு ரூபாய் குறைந்துவிடுவதால், அந்த மாதத் தவணையும் திரும்பும். அப்படித் திரும்பியதற்கு மறுபடியும் கட்டணம் விழும். கடனைக் கட்ட முடியாதவன் என்று என்னைப் பதிவு செய்தவர்கள், அந்தத் தவணையைக் கட்ட முடியாமல் செய்தது அவர்கள் பிடித்த கட்டணமே என்பதை எந்த அறிக்கையிலும் குறிப்பிடுவதில்லை.

இதற்கிடையில், சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்ற காரணத்தால் என் சம்பளக் கணக்கைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக வங்கி மாற்றிவிட்டது. அந்த மாற்றத்தைப் பற்றிக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ எனக்கு வரவில்லை. ஆனால் மினிமம் பேலன்ஸ் இல்லை என்பதற்கான அபராதம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. கிரெடிட் கார்டில் தாமதக் கட்டணம், வரம்பை மீறியதற்கான கட்டணம், நான் கேட்காத ஒரு காப்பீட்டுக்கான மாதச் சந்தா, இவை அனைத்துக்கும் ஜிஎஸ்டி, பிறகு இந்த மொத்தத்தின் மீதும் வட்டி என்று பாக்கி வளர்ந்துகொண்டே போனது. மினிமம் டியூ எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். செலுத்தியதில் பெரும்பகுதி வட்டிக்கும் கட்டணத்துக்கும் போய்விட, அசல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கடன் தீர்வு நிறுவனத்தின் விளம்பரம் கைப்பேசியில் வந்தது இந்த நிலையில்தான். தொலைபேசியில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். சேர்க்கைக் கட்டணம் ஒன்று, மாதச் சந்தா ஒன்று, முடிவில் குறைத்துத் தரும் தொகையில் ஒரு பங்கு என்று மூன்று வகையில் அவர்களுக்குப் பணம் தர வேண்டும். பதிலுக்கு அவர்கள் சொன்ன அறிவுரை இரண்டுதான்: தவணைகளை அடியோடு நிறுத்திவிடுங்கள்; வங்கியிடம் நீங்கள் பேசாதீர்கள், எங்கள் வழக்கறிஞர் பேசுவார்.

முதல் அறிவுரையால் விளைந்த சேதம் பெரிது. ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, பணமில்லாமல் அதைத் திரும்ப விடுவது வெறும் கட்டண விவகாரம் அன்று. 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, காசோலை திரும்புவதைப் போலவே அதுவும் குற்றமாகக் கருதப்படக்கூடியது. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து அந்தப் பிரிவைச் சுட்டிய நோட்டீஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. கடன் தீர்வு நிறுவனத்தினரிடம் கேட்டபோது, இது வழக்கமாக வருவதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது அறிவுரையின் பொருளற்ற தன்மை இன்னும் வியப்பானது. ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் தங்கள் வழக்கறிஞர் மூலம் புகார் செய்து கட்டணங்களை மீட்போம் என்று அவர்கள் எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில், பாதிக்கப்பட்டவரே வழக்கறிஞராக இருந்தால் ஒழிய, வழக்கறிஞர் மூலம் அளிக்கப்படும் புகார் ஏற்கப்படுவதில்லை. புகார் செய்வதற்குக் கட்டணமும் கிடையாது. அதாவது, விதிப்படி செய்ய முடியாத ஒரு வேலைக்கு, நாமே இலவசமாகச் செய்துகொள்ளக்கூடிய ஒரு வேலைக்கு, கடனில் மூழ்கியவனிடம் மாதச் சந்தா வாங்கினார்கள். மேற்கொண்டு 'செட்டில்மெண்ட் பேச்சுக் கட்டணம்' என்று ஒன்று கேட்டபோது நான் மறுத்தேன். அதன் பின் அவர்களுடைய தொலைபேசி எடுக்கப்படவில்லை.

பிறகு நானே செய்தேன். இணைய வங்கிச் சேவையிலிருந்து கணக்கு அறிக்கைகளையும் கார்டு அறிக்கைகளையும் எடுத்து, கட்டணம் என்று விழுந்த ஒவ்வொரு வரியையும் தேதியோடு தனித்தாளில் எழுதினேன். எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்று பிரித்துக்கொள்வதுதான் இதில் முக்கியமான வேலை. எல்லாவற்றையும் கேட்டால் வங்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் மறுப்பு எழுதிவிடும்.

மினிமம் பேலன்ஸ் அபராதத்தைப் பற்றி ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் தெளிவானவை. இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அபராதம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை, 2022இல் வந்த விதிகளின்படி, கார்டுதாரரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கடன் வரம்பை மீற விடக் கூடாது. செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் பாக்கியோடு சேர்த்து அவற்றின் மீது வட்டி போடக் கூடாது. இவ்விரண்டும் 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயம். தாமதக் கட்டணத்தைக் கெடு தேதி கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி இருந்தால்தான் போடலாம். எனக்குப் போட்டதில் ஒன்று, கெடுவுக்கு மறுநாளே பணம் செலுத்திய மாதத்துக்கு உரியது.

கேட்க முடியாதவையும் உண்டு. வட்டி விகிதம் அதிகம் என்பதைக் காரணமாக வைத்துப் பணத்தைத் திரும்பப் பெற இயலாது. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. கடனைக் குறைத்துத் தர வேண்டும் என்று குறைதீர்ப்பாளரிடம் கேட்பதிலும் பயனில்லை. அது வங்கியின் வணிக முடிவு என்று புகாரை முடித்துவிடுவார்கள். பவுன்ஸ் சார்ஜ் வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்கும்வரை அதை மீட்பதும் கடினமே.

முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், பின் புகார்களைக் கவனிக்கும் மேல்நிலை அதிகாரியான நோடல் அதிகாரிக்கும் எழுதினேன். 'கட்டணப் பட்டியலின்படியே பிடிக்கப்பட்டுள்ளது' என்ற ஒரே வாசகம் இரண்டு இடங்களிலிருந்தும் எழுத்துப் பிழை மாறாமல் வந்தது. முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதலும் கிடைக்கும். அங்கே பதிந்த புகாரில் நான் வங்கியிடம் கேட்டவை மூன்று ஆவணங்கள் மட்டுமே: இருப்புக் குறைவைத் தெரிவித்த செய்தியின் நகல், வரம்பை மீற நான் தந்த ஒப்புதல், காப்பீட்டுக்கு நான் தந்த ஒப்புதல். எதையும் வங்கியால் காட்ட முடியவில்லை. அந்த மூன்று வகைக் கட்டணங்களும், அவற்றுக்கான ஜிஎஸ்டியும், மூன்று நாள் விதிக்கு மாறாகப் போட்ட தாமதக் கட்டணமும் திரும்பி வந்தன. பவுன்ஸ் சார்ஜ் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

திரும்பி வந்த பணத்தைக் கார்டு பாக்கியில் வங்கி வரவு வைத்தது. ஒரே வங்கியில் கடனும் சம்பளக் கணக்கும் இருந்தால் இப்படித்தான் ஆகும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுவான பிடிமான உரிமையை, அதாவது வர வேண்டிய பாக்கிக்காக வாடிக்கையாளரின் உடைமையைப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. கடன் இல்லாத வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கிச் சம்பளத்தை அங்கே மாற்றிக்கொண்ட பிறகுதான், எந்தக் கடனுக்கு எவ்வளவு செலுத்துவது என்பதை நான் தீர்மானிக்க முடிந்தது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி ஆட்டோ டெபிட் தேதியைச் சம்பளத்துக்குப் பிந்தைய தேதிக்கு மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். அதைத் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் முடியாது என்றவர்கள், மின்னஞ்சலில் கேட்டபோது செய்து கொடுத்தார்கள்.

கார்டு பாக்கிக்கு 'செட்டில்மெண்ட்' தருவதாக, அதாவது ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து மீதியைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடிப்பதாக, வங்கி ஒரு கடிதம் அனுப்பியது. அதில் தள்ளுபடி என்று காட்டியிருந்த தொகையைக் கட்டணப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, பெரும்பகுதி அவர்களே ஏற்றிய கட்டணமும் அதன் மீதான வட்டியுமே என்பது புரிந்தது. அக்கடிதத்தில் கையெழுத்திட்டால், இனி இந்தக் கணக்கு தொடர்பாக எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்; கடன் தகவல் அறிக்கையிலும் 'முடிக்கப்பட்டது' என்பதற்குப் பதிலாக 'செட்டில்ட்' என்று பதிவாகும், அடுத்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும். எனவே முதலில் கட்டணப் புகாரை முடித்து, குறைந்த பாக்கியை முழுமையாகத் தவணைகளில் செலுத்தி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டேன். முழுப் பாக்கியையும் கட்ட வழியின்றி, வேலையும் போய்விட்டவர்களுக்கு செட்டில்மெண்ட்டைத் தவிர வேறு வழி இல்லாமல் இருக்கலாம். அவர்களும் கட்டணத்தைக் கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

கடன் தீர்வு நிறுவனத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அவர்கள் எழுத்தில் தந்த வாக்குறுதி, வாங்கிய பணத்துக்கான ரசீதுகள், தவணையை நிறுத்தச் சொன்ன வாட்ஸ்ஆப் செய்திகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நோட்டீஸ் அனுப்பப்பட்டுள்ளது, பதில் இதுவரை வரவில்லை. அதே விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. சேர்க்கைக் கட்டணம், மாதச் சந்தா, குறைத்த தொகையில் பங்கு என்ற வரிசைகூட மாறவில்லை.