லேத்துக்குப் பக்கத்தில் நிற்பது யார்?

லேத்தில் உலோகம் கடைகிற ஒரு டர்னருக்கு வேலை தெரியுமா என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு. அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்; இது பிரிட்டனின் என்விக்யூ என்ற தேசியத் தொழில் தகுதி. சில வருடம் தொழிற்சாலையில் பழகவிட்டுக் கடைசியில் வெளியாட்களை வைத்துத் தேர்வு நடத்தலாம். இது ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி. முதலில் பயிற்சி நிலையம், அப்புறம் தொழிற்சாலை என்று அனுப்பலாம். இது இந்தியாவின் ஐடிஐயும் அப்ரண்டிஸும்.

என்விக்யூ முறை 1986இல் பிரிட்டனில் உருவானது. எங்கே படித்தீர்கள், எத்தனை மாதம் படித்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலையைச் செய்து காட்டி, அதற்குச் சான்று சேர்த்துக் கோப்பாக வைக்க வேண்டும். வரைபடம், கையெழுத்துப் போட்ட அளவுச் சோதனைத் தாள், ஜாப் (கடைய வேண்டிய துண்டு) சக்கில் (அதைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில்) பிடித்திருக்கும் புகைப்படம், மேற்பார்வையாளரின் சாட்சிக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். மதிப்பீட்டாளர் அவ்வப்போது வந்து பார்த்து, 'இங்கே ஏன் ஃபீடை (உளி நகரும் வேகத்தை) குறைத்தீர்கள்?' என்று கேட்பார். மார்க் கிடையாது. தேறினார், இன்னும் தேறவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறையின் பலம் சின்ன விஷயங்களில் தெரியும். சக்கை இறுக்கும் சாவியை எடுக்காமல் லேத்தை ஓட்டினால் அது பறந்து வந்து அடிக்கும். தேர்வு நாளன்று அதை எடுக்காத ஆள் யாரும் இருக்க மாட்டார். அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும் ஷிப்டின் கடைசி மணி நேரத்திலும் கை தானாக அந்தச் சாவியை எடுக்கிறதா என்பது, வேலையிடத்துக்குப் பலமுறை வருகிறவர் கண்ணில்தான் படும். பத்து வருடம் வேலை பார்த்தும் கையில் ஒரு தாளும் இல்லாதவருக்கு இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. கம்பெனியில் என்ன வேலை வருகிறதோ அதற்குத்தான் சான்று சேரும். கணினி ஓட்டும் சிஎன்சி மெஷினில் ஜாப் மாற்றி, பட்டனை அழுத்தி, ஆஃப்செட் என்ற அளவுத் திருத்த எண்ணை மட்டும் மாற்றுகிறவர், என்விக்யூவில் அந்த வேலைக்கான பகுதிகளில் நேர்மையாகவே தேறிவிடலாம். நாளைக்கு இன்னொரு கம்பெனியில் சாதாரண லேத்தில் நான்கு தாடைச் சக்கைக் கொடுத்து, துண்டைச் சரியாக நடுவில் நிறுத்தி சென்டர் பார்க்கச் சொன்னால் திணறுவார். போதாததற்கு, 1990களில் எத்தனை பேர் தேறினார்களோ அதைப் பொறுத்துப் பயிற்சி நிறுவனங்களுக்கு அரசுப் பணம் போனது. கட்டத்தில் டிக் போடுகிற வேலை என்ற கெட்ட பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இங்கிலாந்தின் அப்ரண்டிஸ் முறையை ஆராய்ந்து 2012இல் வந்த ரிச்சர்ட் அறிக்கை, அப்ரண்டிஸ் பயிற்சியின் முடிவில் அதில் சம்பந்தப்படாத வெளியாள் நடத்தும் தேர்வு வேண்டும் என்றது. இங்கிலாந்தும் அந்தப் பக்கம் திரும்பியது.

ஜெர்மனியில் அந்தத் தேர்வு எப்போதோ ஊன்றிப்போன விஷயம். அங்கே தொழிற்பயிற்சிச் சட்டம் 1969இல் வந்தது. இண்டஸ்ட்ரியல் மெக்கானிக் பயிற்சிக்கு மூன்றரை வருடம். கம்பெனியில் வேலை, கூடவே தொழிற்பள்ளி. தேர்வு இரண்டு பகுதி. நடுவில் வரும் முதல் பகுதிக்கு 40 சதவீதம், கடைசிப் பகுதிக்கு 60. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் மூவரும் உட்கார வேண்டும். உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்பது அவர்கள் கவலை இல்லை. அந்தத் தொழில் முழுக்க உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்படியானால் அனுபவசாலிக்கு அங்கே வழியே இல்லையா? இருக்கிறது. பயிற்சிக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு காலம் அந்தத் தொழிலில் வேலை செய்திருந்தால் நேராகத் தேர்வு எழுதலாம். மூன்றரை வருடப் பயிற்சிக்கு ஐந்தே கால் வருடம். ஆனால் தேர்வில் சலுகை கிடையாது. வேலை முடித்துவிட்டு வந்து ராத்திரியில் தொழிற்கணக்குப் படிப்பது எல்லோராலும் ஆகிற காரியமா?

இந்திய வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் படிப்புகள் இரண்டு வருடம். அரம் பிடித்துப் பிடித்துக் கை பழகும். ஆண் துண்டைப் பெண் துண்டில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், நடுவில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்தே பயிற்றுநர் தரம் சொல்லிவிடுவார். அடிப்படையைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் பொறுமையானது என்பேன். ஆனால் உற்பத்தியின் வேகம் அங்கே பழகாது. அதற்குத்தான் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். ஐடிஐ சான்றிதழோடு அப்ரண்டிஸ் சான்றிதழும் சேர்ந்தால்தான் இது முழுமையாகும். முதலாவதோடு நின்றுவிடுகிறவர்கள் பாதி வழியில் இறங்கியவர்கள்.

என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவருக்கு ஜெர்மன் வழி. ஏற்கெனவே மெஷினில் நிற்கிறவருக்கு என்விக்யூ பாணி மதிப்பீடு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சேருமுன் மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், மாதத்தில் எத்தனை முறை மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார் என்று கேளுங்கள். புகைப்படம் அனுப்பினால் போதும் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.