அசாசின் பக் தொடக்கப் பெட்டி: லென்ஸுக்காக வாங்கலாம், மூடியை மாற்றியே ஆக வேண்டும்

"அசாசின் பக் வளர்க்க ஏற்றது" என்று அட்டையில் அச்சிட்டு வரும் தொடக்கப் பெட்டி இது. அசாசின் பக் என்பது மற்ற பூச்சிகளைக் குத்தி உறிஞ்சி உண்ணும் கொலைகாரப் பூச்சி. 20 செ.மீ. நீள அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள அக்ரிலிக் பெட்டி, பிளாஸ்டிக் வலை மூடி, தேங்காய் நார்த்தூள், மரப்பட்டைத் துண்டு, தண்ணீர்க் கிண்ணம், வெப்பத் தகடு, நீள இடுக்கி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஆகியவை உள்ளே இருக்கின்றன. பொருள்களைப் பரப்பி வைத்ததுமே இது யாருக்காகச் செய்தது என்பது புரிந்துவிடும். செல்லப்பூச்சி வணிகத்தில் அதிகம் புழங்கும் ஆப்பிரிக்க பிளாட்டிமெரிஸ் என்னும் கொலைகாரப் பூச்சி மரப்பட்டைக்கு அடியில் பதுங்கும், முட்டைகளை மண்ணில் உதிர்க்கும். அதற்கு இந்தப் பெட்டி சரி. ஆனால் அவரவர் ஊர்ச் செடிகளில் கிடைக்கும் ரைனோகோரிஸ், சைகானஸ், ஸீலஸ் போன்ற கொலைகாரப் பூச்சிகள் இலையிலும் தண்டிலும் திரிபவை, முட்டைகளைக் கொத்தாக ஒட்டி வைப்பவை. அவற்றுக்கு இதை வாங்கியபடியே வைக்கக் கூடாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். லென்ஸ் அருமை. ஓரம் மங்காமல், நிறம் பிரியாமல் காட்டுகிறது. உள்ளூர்ப் பூச்சி வளர்ப்பில் பாதி வேலை அடையாளம் காண்பதுதான், அதற்கு இது போதும். பூச்சியைக் கையால் தொடாமல் சிறு கண்ணாடிக் குப்பியில் ஏற்றி மூடி, குப்பியைத் தூக்கி அடிப்பக்கம் வழியாகப் பாருங்கள். கொலைகாரப் பூச்சி என்றால் அலகு, அதாவது குத்தி உறிஞ்சும் வாயுறுப்பு, தடித்து, அரிவாள் போல வளைந்து, மூன்று கணுக்களோடு தெரியும். அதன் நுனி முன்னங்கால்களுக்கு நடுவே உள்ள ஒரு பள்ளத்தில் பொருந்தியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தின் குறுக்கே நெருக்கமான வரிகளைக் காணலாம். பூச்சி கலவரப்படும்போது அலகு நுனியை அந்த வரிகளில் உரசித்தான் கிரீச்சென்று ஒலி எழுப்புகிறது. கண்களுக்குப் பின்னால் தலை கழுத்துபோல ஒடுங்குவதையும் சேர்த்துப் பாருங்கள்.

செடிச்சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளோடுதான் குழப்பம் அதிகம் வரும், குறிப்பாகக் குஞ்சுப் பருவத்தில். அவற்றின் அலகு மெலிந்து, நான்கு கணுக்களோடு, வயிற்றை ஒட்டி நேராகப் படிந்திருக்கும். இன்னொரு குழப்பம் ஆபத்தானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரத்தம் குடிக்கும் டிரையடோமா வகைப் பூச்சிகளின் அலகும் மெல்லியது, நேரானது. அமெரிக்கக் கண்டங்களில் சாகஸ் என்னும் ஒட்டுண்ணி நோயைப் பரப்புவது இந்த வகைதான். அலகின் வளைவு தெளிவாகத் தெரியவில்லை என்றால் அந்தப் பூச்சியை வளர்க்க எடுக்காதீர்கள்.

இனி குறைகள். மூடி வலையின் கண் 2 மி.மீ. முட்டையிலிருந்து வந்த சிறு குஞ்சுகள் அதில் நுழைந்து வெளியேறிவிடும். இரையாகப் போடும் கிரிக்கெட் பூச்சிகள் (சுவர்க்கோழிகள்) பிளாஸ்டிக் வலையைக் கடித்தும் அறுக்கும். வலையை வெட்டியெடுத்து, 1 மி.மீ.க்கும் குறைந்த கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை வெளிப்புறமாக ஒட்டுங்கள். பசை முழுதாகக் காய்ந்து வாடை போன பிறகே பூச்சியை விட வேண்டும்.

காற்றோட்டம் மூடியில் மட்டும் இருப்பது அடுத்த குறை. அடியில் ஈரக்காற்று தேங்கி, நார்த்தூளில் பூஞ்சை பிடிக்கிறது. பக்கச்சுவர் ஒன்றில் கீழிருந்து மூன்று விரல் உயரத்தில் ஒரு துளை போட்டு, அதற்கும் கம்பி வலை ஒட்டினால் காற்று ஓடும்.

இந்தப் பூச்சிகள் முதிர்வதற்குள் ஐந்து முறை தோல் உரிக்கும். செடிவாழ் இனங்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உரிக்கும். முதுகு பிளந்து, வெளிறிய அல்லது சிவந்த மெல்லுடல் மெதுவாக நழுவி இறங்கும். இந்த வழவழப்பான அக்ரிலிக்கில் கால் நழுவி விழுந்தால் கால்கள் கோணலாகவே இறுகிப்போகும். ஆகவே சொரசொரப்பான குச்சிகளை மூலைக்கு மூலை சாய்த்து, ஒவ்வொன்றின் கீழும் பூச்சியின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு வெற்றிடம் விடுங்கள். தோல் உரிக்கப்போகும் பூச்சி இரையைத் தொடாது, வயிறு உப்பிப் பளபளக்கும். அப்போது உள்ளே உயிருள்ள இரை எதையும் விட்டுவைக்காதீர்கள். நிறம் கூடி உடல் இறுகும்வரை அது கிரிக்கெட்டுக்கே இரையாகிவிடும்.

தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடலாம். குஞ்சுகள் அதில் மூழ்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சுவரில் மட்டும் லேசாகத் தெளித்தால் துளிகளிலிருந்து குடித்துக்கொள்ளும், மறுநாளுக்குள் சுவர் காய்ந்துவிட வேண்டும். வெப்பத் தகடும் பெரும்பாலும் வேண்டியதில்லை. உள்ளூர் இனத்துக்கு உள்ளூர்த் தட்பவெப்பமே பழக்கம். அடியில் வைத்தால் நார்த்தூளைச் சுக்காக உலர்த்துவதுதான் மிச்சம். நார்த்தூளை வீணாக்க வேண்டாம், தூசியையும் மண்ணையும் உடம்பில் ஒட்டிக்கொண்டு மறைந்து வாழும் அகாந்தாஸ்பிஸ் குஞ்சுகள் கிடைத்தால் நன்கு உலர்ந்த நார்த்தூளும் பொடிமணலும் கலந்து பரப்புங்கள். அந்தப் போர்வையை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடக் கூடாது.

இடுக்கி உறுதியாக இருக்கிறது, நீளமும் போதும். இரை பூச்சியின் உடலைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சிறு குஞ்சுக்குப் பழ ஈ, பெரியதற்கு வாரம் ஒன்றிரண்டு முறை கிரிக்கெட் அல்லது தலை நசுக்கிய மீல்வார்ம் புழு போதும். மருந்தடித்த வயலிலும் தோட்டத்திலும் இரை பிடிக்காதீர்கள். உறிஞ்சி முடித்த கூட்டை இடுக்கியால் அன்றே எடுத்துவிடுங்கள். பூச்சியை மட்டும் இடுக்கியால் பிடிக்க வேண்டாம், கால் முறியும். குப்பியைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி மாற்றுங்கள். கையில் குத்தினால் வலி கடுமையாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அட்டையில் "10 பூச்சிகள் வரை" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பசி எடுத்தால், அதுவும் அளவில் ஏற்றத்தாழ்வு இருந்தால், ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே முட்டைக் கொத்தில் வந்த குஞ்சுகளை மூன்றாம் பருவம்வரை (இரண்டு முறை தோல் உரித்த நிலை), இரை தாராளமாகக் கொடுத்துச் சேர்த்து வைக்கலாம். அதன் பிறகு மூடியில் ஊசித்துளை போட்ட சிறு டப்பாக்களில், குச்சி ஒன்று சாய்த்து, டப்பாவுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். வளர்ந்த ஒரு பூச்சிக்கோ, ஒரு ஜோடிக்கோ இந்தப் பெட்டி தாராளம்.