முந்திரிக்கு மூக்கு, மல்லாட்டைக்குக் கண்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் சரியாக மூடாத எந்த டப்பாவுக்குள்ளும் ஈரம் புகுந்துவிடும். பண்ருட்டி வழியாக வரும்போது வாங்கிய முந்திரியும், ஊரிலிருந்து வந்த மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) அடுத்தடுத்து இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. கெட்டுவிட்டதா என்று இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம். ஒன்றை எடுத்து வாயில் போடுவது, நன்றாக இருந்தால் மீதியும் நன்றாக இருக்கும் என்று மூடி வைப்பது. முந்திரிக்கு இது ஓரளவு போதும். மல்லாட்டைக்குப் போதவே போதாது.

முந்திரியில் பெரும்பாலும் கெடுவது அதன் எண்ணெய். பருப்பின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுப் பட்டு அது சிக்கு வாடை எடுக்கும். டப்பாவைத் திறந்த முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும்: திரும்பத் திரும்ப வடை சுட்ட எண்ணெயின் வாடை. மூக்குக்குத் தப்பினால் நாக்கில் மாட்டும். இனிப்பு போய், மென்று முடிக்கும்போது தொண்டை காறும்.

நிறம்தான் முந்திரியில் ஏமாற்றும். இளம்பழுப்பாக இருந்தால் பழசு என்று பலர் ஒதுக்குகிறார்கள். பதப்படுத்தும்போது சூடு கொஞ்சம் கூடிப்போனாலும் அந்த நிறம் வரும், கெட்டதாக அர்த்தமில்லை. பாக்கெட்டில் இருக்கும் 240, 320 என்ற எண்களும் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு என்பதைத்தான் சொல்கின்றன, புதுசா பழசா என்பதை இல்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும் பெரிய பருப்பும் காறிப்போயிருக்கலாம். பாயசத்துக்கு வாங்கும் உடைத்த முந்திரியில் காற்று படும் பரப்பு அதிகம், அதனால் அது முழுப் பருப்பை முந்திக்கொண்டு கெடும்.

மல்லாட்டையும் இப்படிக் காறிப்போகும். ஆனால் எனக்குக் கவலை அதுவல்ல. அது மண்ணுக்குள் விளைவது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் இருப்பதும் மண்ணில். கடைசிக் காலத்தில் செடி வறட்சியில் வாடினாலோ, பூச்சி ஓட்டைத் துளைத்தாலோ, பறித்த காய் சரியாகக் காயாவிட்டாலோ அது பருப்புக்குள் ஏறி அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான நஞ்சு அது. அதற்கென்று வாடை கிடையாது, ருசி கிடையாது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. வறுத்த வாசனையில் சிக்கு வாடையும் அமுங்கிவிடுவதால், வறுத்த பிறகு சோதிப்பது இரண்டு பருப்புக்குமே வீண்.

அதனால் இங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். நஞ்சு ஒரு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். சுருங்கியது, கறுத்தது, பூச்சி துளைத்தது, பச்சையோ சாம்பலோ படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தாலே ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். சிவப்புத் தோல் பலதை மறைத்துவிடுவதால், கைப்பிடி எடுத்துத் தோலைத் தேய்த்து, இரண்டாகப் பிளந்து நடுவில் பார்க்க வேண்டும். பொடி போலப் பூத்திருக்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான். மெல்லும்போது ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

பொறுக்கிய சொத்தையை என்ன செய்வது? “எண்ணெய்க்குத்தானே” என்று செக்குக்கு அனுப்புவதை நம் பக்கம் பார்க்கலாம். அதை நிறுத்தியே ஆக வேண்டும். நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் இறங்கும். செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை, அதனால் இறங்கியது அப்படியே இருக்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் நஞ்சு வேறு வடிவத்தில் வரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்ததும் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால்தான். அதைத் தேடிப் போனபோதுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள்.

நமுத்துப்போவது மட்டும் தனி. வாடையும் பூசணமும் இல்லையென்றால், லேசாகச் சூடுகாட்டினால் முந்திரி மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். மல்லாட்டை நமுத்திருந்தால் முதலில் பிளந்து பாருங்கள், அப்புறம் சட்டியை அடுப்பில் வையுங்கள். நூல் நூலாகப் பின்னி, அடியில் மாவு மாதிரி கொட்டியிருந்தால் புழு வந்துவிட்டது. எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மழைக்காலத்துக்கு எதை எப்படி வைப்பது என்று கேட்டால், மல்லாட்டையை ஓட்டோடுதான் வைக்கச் சொல்வேன். காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் இன்னும் வெயில் காட்ட வேண்டும். முந்திரியை முழுப் பருப்பாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்த உடனே திறக்காதீர்கள். குளிர்ச்சி இறங்கும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் பருப்பின் மேல் வேர்த்துவிடும். குளிர்ச்சியில் சிக்கு வாடையும் சரியாகத் தெரியாது.