லாண்ட் குரூசரா, ரேஞ்ச் ரோவரா, பிராடோவா: கொழும்பில் கொடுக்கும் விலை எதற்காக?

கொழும்பில் பெரிய சொகுசு ஜீப் வாங்க நினைப்பவர், தாம் கொடுக்கப்போகும் தொகையில் வாகனத்துக்குப் போவது எவ்வளவு, திறைசேரிக்குப் போவது எவ்வளவு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, சுங்கத் தீர்வை, இயந்திரக் கொள்ளளவு கூடக்கூட ஏறும் உற்பத்தித் தீர்வை, குறித்த பெறுமதியைத் தாண்டியவற்றுக்கான சொகுசு வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. யப்பானில் ஒருவர் கொடுக்கும் விலையைப்போலச் சில மடங்கை நாம் இங்கே கொடுப்பதற்குக் காரணம் இதுவே. எனவே விலை உயர்ந்தது என்பதனாலேயே ஒரு வாகனம் அந்த அளவுக்கு வல்லமை உடையது என்று எண்ணுவது தவறு.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் மைத்துனர் டொயோட்டாவின் லாண்ட் குரூசர் 300, பிராடோ 250, லாண்ட் ரோவரின் ரேஞ்ச் ரோவர் ஆகிய மூன்றையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். வவுனியாவுக்கு அப்பால் குடும்பத்துக்கு வயல் இருப்பதால், மார்கழி மழையிலும் அங்கே போய்வர வேண்டும் என்பது அவர் தேவை. இந்த ஒப்பீடு அவருக்காகத் தொடங்கியது.

லாண்ட் குரூசர் 300 ஏணி வடிவச் சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்திக் கட்டப்பட்டது. 2021 இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரிலோ உடலும் சட்டகமும் ஒன்றே. கல்லும் குழியுமான பாதையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது வரும் முறுக்கை ஆண்டுக்கணக்கில் தாங்க ஏணிச் சட்டகம் உகந்தது. ஆனால் தார் வீதியில் மென்மையும் அமைதியும் வேண்டுமென்றால் ரேஞ்ச் ரோவருக்கு நிகராக லாண்ட் குரூசரைச் சொல்ல முடியாது. சக்கரங்களைச் சுழற்றும் முறுக்குவிசையில் இரண்டுக்கும் பேதமில்லை: லாண்ட் குரூசரின் 3.3 லீற்றர் டீசல் இயந்திரமும், ரேஞ்ச் ரோவரின் 3 லீற்றர் டீசல் இயந்திரத்தின் வலுக்கூடிய வடிவமும் 700 நியூட்டன் மீற்றர் தருகின்றன. நீரைக் கடக்கும் ஆழத்தில் ரேஞ்ச் ரோவர் 900 மில்லிமீற்றருடன் முந்துகிறது; லாண்ட் குரூசருக்கு அது 700. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இந்த இருபது சென்ரிமீற்றர் பெரிதாகத் தோன்றும் என்றாலும், அந்த எண்கள் அடியில் உறுதியான தரையுள்ள, ஓட்டமற்ற நீருக்கே பொருந்தும். பாய்ந்துவரும் வெள்ளத்தில் இரண்டில் எதையும் இறக்கக் கூடாது.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், கண்ணாடிகளை மடித்த பின்னும் 2 மீற்றருக்கு மேல் அகலமுள்ள ரேஞ்ச் ரோவரை எதிரே ஓட்டோ வரும்போது நகர்த்துவது சோதனைதான். ஆயினும் அதன் பின்சக்கரங்களும் திரும்புவதால் 11 மீற்றருக்குட்பட்ட வட்டத்தில் அது திரும்பிவிடும். 1.98 மீற்றர் அகலமுள்ள லாண்ட் குரூசருக்கு ஏறக்குறைய 12 மீற்றர் வேண்டும். தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தின் தூண்களுக்கிடையே வளைத்தெடுக்கும்போது இந்த வேறுபாடு தினமும் தெரியும்.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வாங்கிய பின் வரும் ஆண்டுகள். ரேஞ்ச் ரோவர் நிற்பது காற்றுத் தொங்கலில், அதாவது சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் உடலைத் தாங்கும் அமைப்பில். அதன் காற்றுப் பைகள் இறப்பரால் ஆனவை என்பதால், கடல் உப்பும் வெயிலும் குழிவீதியும் சேர்ந்த நம் ஊரில் ஒருநாள் மாற்றியே தீர வேண்டியவை. லாண்ட் குரூசருக்கோ பிராடோவுக்கோ உதிரிப்பாகம் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைக்குப் போய் விசாரிக்கலாம். கிளிநொச்சியில் நின்றுவிட்டாலும் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். இறக்குமதி தடைப்பட்டிருந்த ஐந்தாண்டுகளிலும் பழைய டொயோட்டாக்கள் விலை இறங்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவையும் எழுதிய பின்னும் லாண்ட் குரூசர் 300ஐ வாங்கச் சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. பிராடோ 250 நிற்பதும் அதே குடும்பத்து ஏணிச் சட்டகத்தில்தான். அச்சுகளுக்கிடையான தூரம் இரண்டிலும் 2850 மில்லிமீற்றர், அகலமும் ஒன்றே. குறைவது இயந்திரம்: 2.8 லீற்றர், நான்கு சிலிண்டர், 500 நியூட்டன் மீற்றர். அதிவேக நெடுஞ்சாலையிலேயே 100 கிலோமீற்றர் என்று வேக வரம்புள்ள நாட்டில் இந்தக் குறையை உணரும் சந்தர்ப்பம் எத்தனை முறை வரும்? கொள்ளளவு குறைந்தால் தீர்வையும் குறையும், எரிபொருட் செலவும் குறையும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்றபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்ததையும் மறக்க முடியாது.

வயலுக்குப் போகும் கடைசி இரண்டு மைல் சேற்றுக்கு முறுக்குவிசையை விட நல்ல டயரும், தாழ்ந்த கியரும், அவசரப்படாத காலும் முக்கியம். அங்கே பிராடோ செய்யாத எதையும் மற்ற இரண்டும் செய்துவிடப் போவதில்லை. ஆகவே மைத்துனருக்கு என் பதில் பிராடோ.

ஒரேயொரு விலக்கு மட்டும் சொல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ள வயதான தாயை அடிக்கடி யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்பவருக்கு, ஏறும்போது உடலைத் தாழ்த்திக் கொடுத்து, ஏறக்குறைய 400 கிலோமீற்றரையும் குலுக்காமல் கொண்டுசேர்க்கும் ரேஞ்ச் ரோவரின் சுகத்தை மற்ற இரண்டும் தரமாட்டா. திருத்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவைத்து அவர் அதை வாங்கினால் நான் குறைசொல்ல மாட்டேன்.