மாஸ்டோடனா, புளூஸ்கையா: இன்னொரு துண்டாடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியவர்களிடம் 'துண்டாடல்' என்று சொன்னால் இன்றும் முகம் மாறும். 1950களில் வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினான். வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் ஜனங்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அதற்கு மாற்றாகத்தான் அப்போது அமைச்சராக இருந்த நம்மூர் துன் சம்பந்தன் 1960-இல், தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இப்போது பேஸ்புக் அலுத்துப்போன எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் மாஸ்டோடன் என்ற சமூக வலைத்தளத்தில், மீதி புளூஸ்கை என்ற இன்னொன்றில். எல்லோரும் எதில் ஒன்றுசேர்வது என்பதுதான் இப்போது எங்கள் குரூப்பில் பேச்சு.

2016-இல் வந்த மாஸ்டோடன் பல டிவிஷன் உள்ள தோட்டம் மாதிரி. கணக்குகள் குடியிருக்கும் கணினிதான் சர்வர்; ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு துரை, அதாவது நிர்வாகி, தனிச் சட்டம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். துரைகளுக்குள் முறைத்துக்கொண்டால்தான் வம்பு. அங்கே நாலு பேர் செய்த அடாவடிக்காக ஒரு சர்வரையே இங்கிருந்து தடுத்துவிடலாம். அதிலிருக்கும் அப்பாவிகளும் சேர்ந்தே வெட்டுப்படுவார்கள். கிள்ளானில் இருக்கும் என் மச்சான் அப்படித்தான் காணாமல் போனார். மூன்று வாரம், கல்யாணத்துக்கு நான் வராத கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

சரி, வேறு சர்வருக்கு மாறலாமே? மாறலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. லயத்தைக் காலி செய்கிறவன் சொந்தபந்தத்தைக் கூட்டிப்போகலாம். பின்கட்டில் நட்ட முருங்கையைத் தூக்கிப்போக முடியுமா?

புளூஸ்கையில் முருங்கையும் வரும். பதிவுகளோடு வேறு சர்வருக்குக் குடிபோக வசதி உண்டு. ஆனால் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஒரே பெரிய திடல் அது. தேடினால் ஆள் கிடைப்பார். அங்கேயும் பிளவு உண்டு. யாரோ தயாரித்த தடுப்புப் பட்டியலை ஒருவர் ஏற்றுக்கொண்டால், அதிலுள்ள அத்தனை பேரும் அவருக்கு இல்லாமல் போவார்கள். ஆனால் அது அவரவர் விருப்பம், துரையின் உத்தரவு இல்லை.

இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜி ஃபெட் என்று ஒரு பாலம் இருக்கிறது. அவரவர் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். எங்கள் ஆட்களில் இதுவரை இரண்டே பேர்.

திருவிழா அறிவிப்பு போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் புளூஸ்கை. என் ஓட்டு மாஸ்டோடனுக்கு, அதுவும் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) போட்டு நாமே நடத்தும் ஒரே சர்வருக்கு. நிர்வாகி யார் என்பதுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. கோயில் தலைவர் தேர்தலில் தோற்றவர் பெயரை நேற்று ஒருவர் முன்மொழிந்தார். ஜெயித்தவர் உடனே குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.