குடிக்கும் ஆசை எழும்போது: தனியாகக் கவனிப்பதா, ஒருவரைக் கூப்பிடுவதா?

குடியை விட்டு மூன்று வருடம் ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்பும் இரண்டு முறை விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் திரும்பப் போய் விழுந்தேன். என்னைக் கவிழ்த்தது இரண்டு தடவையும் ஒரே விஷயம்தான். வேலை முடிந்து திரும்பும் ஆறு, ஆறரை மணிக்கு நாக்கிலும் தொண்டையிலும் வந்து உட்காரும் அந்த ஆசை. அதைக் கடக்க நான் செய்து பார்த்த வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நடுநிலையாக எழுதப் போவதில்லை. நான் இன்று குடிக்காமல் இருப்பதற்குத் தினமும் வந்த ஒரு போன் காரணம். அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் குழம்பிப்போவது எல்லாம் வரலாம். அது ஆசை இல்லை, உயிராபத்து. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. நான் பேசுவது அந்த நாட்களைத் தாண்டியவர்களுக்கு வருகிற ஆசையைப் பற்றி.

தண்ணீர் குடிப்பது, குளிப்பது, நடக்கப் போவது பற்றியெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. சின்ன ஆசைக்கு அவை போதும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். அதுவும் உண்மை. பாதி நாள் எனக்கு வந்தது குடிக்கும் ஆசையே இல்லை, வெறும் பசி.

பெரிய ஆசைக்கு வருவோம். தனியாக உட்கார்ந்து அதைக் கவனிப்பது ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் பரவலாக்கிய முறை இது. ஆசையைக் கடல் அலை மாதிரி பார்க்கச் சொன்னார். எழும், உச்சிக்குப் போகும், தானாக உடையும். அதோடு மல்லுக்கு நிற்காமல், உடம்பில் எங்கே இறுக்குகிறது, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே அதன் மேல் மிதக்க வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். இதன் பின்னால் நல்ல காரணமும் இருக்கிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் மனம் அதையே சுற்றிவருகிறது என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் சோதனை செய்தே காட்டினார். குடியை நினைக்காதே என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதும் அப்படித்தான்.

செலவில்லை, யாருக்கும் தெரியவேண்டியதில்லை, பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தும் செய்யலாம். இரண்டாவது முறை விட்டபோது இதை மட்டுமே நம்பியிருந்தேன். ஆசை எழுந்து இறங்குவதை முதல் தடவை கண்ணால் பார்த்ததுபோல உணர்ந்த அன்று அழுதுவிட்டேன். அவ்வளவு நிம்மதி.

ஐந்தாவது மாதம் ஒரு நாள். வேலையில் பெரிய சண்டை, மதியம் சாப்பிடவும் இல்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். தொண்டை வறண்டிருக்கிறது, நெஞ்சு இறுகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். நான் கவனித்துக்கொண்டிருந்தது தொண்டையை இல்லை. முதல் மடக்கு அதில் இறங்கும் விதத்தை. கவனிப்பது எந்த இடத்தில் ருசிப்பதாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. எட்டு மணிக்குக் குடித்திருந்தேன்.

முறையின் மேல் பழி போட மாட்டேன். வழிகாட்ட ஒருவரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கலாம். நான் பழகியது ஐந்து மாதம், அதுவும் தனியாக. ஆனால் அந்த இரவுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

காலையில் எழும் நானும், ஆறரைக்குக் களைத்துத் திரும்பும் நானும் ஒரே ஆள் இல்லை. காலை ஆளுக்குக் குடி வேண்டாம் என்பதில் சந்தேகமே கிடையாது. சாயங்கால ஆளுக்குப் புத்தி இருக்கிறது, ஆனால் அது முழுக்க எதிர்க்கட்சிக்கு வாதாடுகிறது. 'ஒன்றே ஒன்று', 'இன்றைக்கு மட்டும்', 'இவ்வளவு நாள் இருந்தோமே'. அலையைக் கவனிக்கும் முறை எல்லா வேலையையும் இந்தச் சாயங்கால ஆளின் தலையில்தான் போடுகிறது. உட்கார வேண்டும், பொறுமை வேண்டும், கவனம் நழுவுவதைக் கவனிக்கவும் அவனே வேண்டும். ஒரு வழி நல்லதா என்பதை நான் இப்போது ஒரே கேள்வியால் பார்க்கிறேன்: மிக மோசமான நாளில், சாயங்கால ஆள் எவ்வளவு கொஞ்சம் செய்தால் அது வேலை செய்யும்?

போனும் முதலில் இந்தக் கேள்வியில் தோற்றது. முதல் முறை விட்டபோது, ஆசை வந்தால் கூப்பிடு என்று ஒருவர் தந்த எண்ணை ஆறு வாரம் பையில் வைத்திருந்தேன். ஒரு தடவைகூட அழுத்தவில்லை. கூப்பிடுவதற்கே தெம்பு வேண்டுமே. மூன்றாவது முறை, பதினோரு வருடமாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு அண்ணன் அதைத் திருப்பிப் போட்டார். "நீ கூப்பிடவே வேணாம் தம்பி. தினமும் ஆறேகாலுக்கு நான் கூப்பிடுறேன். எடுத்தா போதும்" என்றார். ஆசை இருக்கிறதோ இல்லையோ, போன் வரும். நான் எடுக்கவில்லை என்றால் அதுவே அவருக்குச் செய்தி. அன்று இரண்டாவது தடவையும் கூப்பிடுவார், இல்லையென்றால் நேரில் வந்து நிற்பார்.

எடுத்ததும் அவருடைய முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "இருக்கா?" ஆசை இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தலைக்குள் எவ்வளவோ நியாயமாகத் தெரிந்த வாதம், வாய்விட்டு அவரிடம் சொன்னதும் பழைய பொய்யாகக் கேட்டது. அவரும் பதினோரு வருடத்துக்கு முன் அதே பொய்யைச் சொன்னவர். பேசி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அலையும் பாதி இறங்கியிருக்கும்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமே இப்படி ஒரு போனில் தொடங்கியதுதான். 1935 மே மாதம், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான, அப்போது குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன், வேலையாகப் போன இடத்தில் காரியம் கெட்டு, அமெரிக்காவின் ஆக்ரான் நகர ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் போன். தேவாலயப் பட்டியலைப் பார்த்து எண் எண்ணாகக் கூப்பிட்டு, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற இன்னொரு குடிநோயாளியைப் போய்ச் சேர்ந்தார். கவனிக்க வேண்டியது, அவர் தேடியது குடியை வென்ற நிபுணரை இல்லை. பாப் அப்போது குடித்துக்கொண்டிருந்தார். தன்னைப்போல ஒருவரிடம் பேசினாலே போதும் என்று பில்லுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கும் பராமரிப்பு உண்டு. ஒரே ஆளை நம்பக்கூடாது. அவருக்கும் காய்ச்சல் வரும், அவரும் சறுக்கலாம். மூன்று பேராவது வேண்டும். ஆசையே இல்லாத நாளிலும் பேச வேண்டும், அப்போதுதான் கெட்ட நாளில் கூச்சம் இருக்காது. முதல் ஆளாக மனைவியை வைக்காதீர்கள் என்பேன். ஆசை வந்த நேரத்து என் குரலைக் கேட்டாலே என் மனைவி பயந்துபோவாள், அவளைச் சமாதானப்படுத்துவது எனக்கு இன்னொரு வேலையாகிவிடும். இது என் வீட்டு அனுபவம், எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

மருந்தும் என் கேள்வியில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. மாத்திரையைப் போடுவது காலை ஆள்தானே. மூளையில் குடி தரும் சுகத்தை மழுங்கடிக்கும் நால்ட்ரெக்சோனை மருத்துவர் சொல்லி நான்கு மாதம் எடுத்தேன், தினம் 50 மில்லிகிராம். ஆசையின் பிடி தளர்ந்தது. ஆனால் அதே மாதங்களில்தான் ஆறேகால் போனும் வந்துகொண்டிருந்தது, எது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கு இது ஆகாது. குடியை விட்டவர்களுக்குத் தரும் இன்னொரு மருந்தான அகாம்ப்ரோசேட்டை நான் எடுத்ததில்லை. நாளுக்கு மூன்று வேளை போட வேண்டும், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டைசல்பிரம் என்ற மூன்றாவது மருந்து ஆசையைக் குறைப்பதில்லை. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி, படபடப்பு என்று உடம்பைப் புரட்டிப் போடும், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். குடிப்பழக்கம் உள்ளவருக்குத் தெரியாமல் அந்த மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், உயிரே போகலாம்.

அலை முறையை நான் முழுக்க விட்டுவிடவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கனவில் குடித்துவிட்டு வியர்த்து எழும் நாட்கள் இன்னும் வருகின்றன. அந்த நேரத்தில் யாரையும் எழுப்ப மனம் வராது. எழுந்து உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிறேன். இப்போது கண்ணை மட்டும் மூடுவதில்லை. விளக்கைப் போட்டு, பாதம் இரண்டையும் தரையில் அழுத்திவைத்துக்கொள்கிறேன். இறங்கிவிடுகிறது. மறுநாள் ஆறேகாலுக்கு அண்ணனிடம் முதலில் சொல்வது அதைத்தான்.