மாஸ்க் சொந்தம், சிலிண்டர் வாடகை: ஸ்கூபா சாதனங்களோடு சில வருடங்கள்

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங்கில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு உடனே வரும் ஆசை, கடையில் தொங்கும் எல்லாவற்றையும் வாங்கிவிடுவது. உடன் டைவ் செய்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "இப்போதே வாங்கிவிடுங்கள்" என்பார்கள். மீதிப் பேர் "ஐம்பது டைவ் ஆகட்டும்" என்பார்கள். கொஞ்சம் வாங்கியும் கொஞ்சம் வாடகைக்கு எடுத்தும் சில வருடங்கள் கடந்த பிறகு, இரண்டுமே அரைகுறை யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது. மாஸ்க்குக்குப் பொருந்தும் கணக்கு, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்படி தரும் ரெகுலேட்டருக்குப் பொருந்தாது.

மாஸ்க்கை முதலில் வாங்குங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாடகை மாஸ்க் எல்லோர் முகத்துக்கும் ஓரளவு பொருந்தும். யாருக்கும் சரியாகப் பொருந்தாது. ஓரத்தில் கசியும் நீரை மூக்கால் ஊதி வெளியேற்றிக்கொண்டே இருந்தால் காற்றும் வீண், கவனமும் வீண். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நிற்க வேண்டும். வலுவாக இழுத்தால் பொருந்தாத மாஸ்க் கூட ஒட்டிக்கொள்ளும், அதனால் மெதுவாக. மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்குக் கீழே படியும் இடத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் உள்பக்கத்தைப் பல முறை தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். மேற்பூச்சு உள்ள கண்ணாடியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. என்னைப் போல் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பவர் கண்ணாடி பொருத்தக்கூடிய மாடல்கள் கிடைக்கின்றன. அதை மாட்டிக்கொண்ட பிறகுதான் சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியைக் கண்ணருகே தூக்கிப் பிடிக்காமல் படித்தேன்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். பெரும்பாலோர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நான் இரண்டாவதாக வைக்கிறேன். ஆழத்தையும் நேரத்தையும் வைத்து மேலே வரும்போது குமிழாகி ஆபத்தாகக்கூடிய நைட்ரஜன் உடலில் எவ்வளவு கரைந்திருக்கும் என்று கணக்குப் போடுவதே அதன் வேலை. அந்தக் கணக்கு ஒரு நாளோடு முடிவதில்லை. இன்று ஒரு வாடகைக் கம்ப்யூட்டர், நாளை வேறொன்று என்று கட்டினால், நாளைய கருவிக்கு உங்களுடைய இன்றைய டைவ் தெரியாது. காலையில் வேறொருவர் கட்டியிருந்த கருவி பிற்பகல் உங்கள் கைக்கு வந்தால், அது அவருடைய நைட்ரஜனை உங்கள் கணக்கில் எழுதும். கருவிக்குக் கருவி கணக்கு முறையும் மாறும். ஒரே டைவில் ஒன்று தாராளமாக நேரம் தரும், இன்னொன்று கஞ்சத்தனம் காட்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்த பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் டான் (Divers Alert Network) அமைப்பின் பரிந்துரை; அந்த நேரத்தையும் கைக்கருவியிலேயே பார்த்துக்கொள்ளலாம். என்னுடையது எளிய, மலிவான மாடல். சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதி அதில் இல்லை. அந்தக் குறையை இதுவரை உணர்ந்ததில்லை.

குளிர் தாக்காமல் உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் பற்றி டைவர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு: சூட்டுக்குள் சிறுநீர் கழிப்பவர்கள் ஒரு வகை, கழிப்பதே இல்லை என்று பொய் சொல்பவர்கள் இன்னொரு வகை. சொந்த சூட் வாங்க இந்தக் காரணமே போதும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடையும் சூட்டைப் பொறுத்தே மாறும் என்பதால், ஒரே சூட்டோடு பழகினால் ஒவ்வொரு முறையும் எடையைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

ரெகுலேட்டருக்கு வருவோம். சிலிண்டரில் 200 பார் அளவில் (கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) அடைத்திருக்கும் காற்றை, சிலிண்டரோடு இணையும் முதல் நிலை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதலாக இருக்கும் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் நிலை அதைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களுக்காக வருடம் ஒரு முறை அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யச் சொல்கின்றன தயாரிப்பு நிறுவனங்கள். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவரின் ரெகுலேட்டர் மீதி மாதங்களை அலமாரியில் கழிக்கிறது. உப்புத் துகளும் காய்ந்த ரப்பரும் அங்கேதான் வேலையைக் காட்டும். தினமும் கடலுக்குப் போய், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் வாடகை ரெகுலேட்டர் அதைவிட நம்பகமானது. நானும் மாதந்தோறும் போகத் தொடங்கும் வரை வாடகையில்தான் ஓட்டினேன். வாங்கிய பிறகு மூச்சு பிரமாதமாக மாறிவிடவில்லை. சராசரி ஆழத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். அதை யார், எப்போது பிரித்து மாட்டினார்கள் என்று தெரிந்திருப்பதே எனக்கு லாபம்.

வாடகைக்கு எடுக்கும்போது முதல் நிலையின் நுழைவாயில் வடிகட்டியைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உள்ளே உப்புநீர் போயிருக்கிறது, வேறு கேளுங்கள். குழாய்கள் உலோகத்தோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மானியைப் பார்த்தபடி சில முறை மூச்சிழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். பலர் கடித்துக் குதறிய வாய்ப்பிடிதான் அருவருப்பு என்றால், சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் வைத்திருங்கள். அற்ப விலை, ஒரு பிளாஸ்டிக் கட்டால் இறுக்கிக்கொள்ளலாம்.

மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் சட்டையான பி.சி.டி.யை நான் கடைசியில்தான் வாங்கினேன். ஜாக்கெட் வகை மேற்பரப்பில் நிமிர்ந்து மிதக்கவைக்கும். முதுகில் மட்டும் காற்று நிரம்பும் வகை நீருக்குள் உடலை அழகாகக் கிடையாக வைத்து, மேலே வந்ததும் முகத்தை முன்னே தள்ளும். வாடகையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டதால்தான் எனக்கு எது சரி என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு வாடகைச் சட்டையின் காற்றுப் பொத்தான் சிக்கிக்கொண்டு தானாக நிரம்பத் தொடங்கியது. பயிற்சியில் சொன்னபடி குழாயைக் கழற்றிவிட்டு, காற்றையும் வெளியேற்றினேன். அதுமுதல் கரையிலேயே அந்தப் பொத்தானைப் பலமுறை அழுத்திப் பார்க்காமல் எந்தச் சட்டையையும் வாங்கிக்கொள்வதில்லை.

சிலிண்டரை வாங்க நினைக்கவே வேண்டாம். பரவலாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாகவே சுமார் 14 கிலோ. பல நாடுகளில் 5 வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். நிரப்பக் கம்ப்ரஸர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், அங்கேயே சிலிண்டரும் இருக்குமே.

பழைய சாதனம் மலிவாக வருகிறதென்றால் காலில் மாட்டும் துடுப்புகளான ஃபின்களைத் தாராளமாக வாங்கலாம். ரெகுலேட்டர் என்றால் அந்த மாடலுக்கு உதிரிப் பாகங்கள் இன்னும் வருகின்றனவா என்று சர்வீஸ் செய்பவரிடம் கேட்ட பிறகே விலை பேசுங்கள். பாகம் வராத மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.